கனகேஸ்வரியின் ஐந்து கட்டை

கதிர்காமநாதன் அமுக்கினார். சத்தம் வரவில்லை. இன்னும் பலமாக அமுக்கினார். எதையும் பலமாக அமுக்கினால் சரிவரும் என்று நம்புகிற மனிதர் அவர். லிஃப்ட் பட்டனையும் அப்படித்தான் அமுக்குவார். புதுக் கீபோர்ட்டின் மூலையில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. லப்டொப் திரையில் கோடுகளும் பெட்டிகளுமாக ஏதோ தெரிந்தது. இரண்டையும் இணைக்கிற வயர் ஒழுங்காகத்தான் செருகியிருந்தது. சத்தத்தை மட்டும் காணவில்லை.

"என்னப்பா, இன்னும் வரேல்லையோ?" மனைவி கனகேஸ்வரி குசினி வாசலில் நின்று கேட்டாள்.

"வரும். கொஞ்சம் பொறும்."

"பின்னேரம் வாகனம் வந்திடும்."

"எனக்குத் தெரியாதோ? சும்மா நிண்டு அவசரப்படுத்தாதையும்."

தெரியும். நன்றாகவே தெரியும், அதுதானே பிரச்சினை. அன்று பின்னேரம் கனகேஸ்வரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுநாள் காலையில் அவளுடைய கழுத்தை வெட்டி, தைரொயிட்டில் வளர்ந்திருக்கும் கட்டியை எடுக்கப் போகிறார்கள்.

டொக்டர் நல்ல மனிதர். ஒரு கடதாசியில் கழுத்தைப் படமாகக் கீறிக் காட்டினார். இது கட்டி, இது குரலுக்குப் போகிற நரம்பு, இரண்டும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. அநேகமாக ஒன்றும் ஆகாது. ஆனால் மேலே எழும்புகிற சத்தம் குறையலாம். சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது. பாடுகிறவர் என்றபடியால்தான் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்வதாகவும் சொன்னார். கனகேஸ்வரி அமைதியாகத் தலையாட்டினாள். கதிர்காமநாதன் படியிறங்கும்போது கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அவருக்கு அந்த விஷயம் உறைத்தது. கலியாணம் கட்டிய நாள் தொட்டு இந்தப் பெண் பாடிக்கொண்டிருக்கிறாள். வெள்ளவத்தையில் அவர்கள் இருக்கிற ஒழுங்கைக் கோயிலில் பாடியிருக்கிறாள், கொட்டாஞ்சேனையில் பாடியிருக்கிறாள், கலியாண வீடுகளில் சாப்பாட்டுக் கூச்சலுக்கு நடுவே பாடியிருக்கிறாள். ஒழுங்கான ஒரு பதிவு இல்லை. கைபேசியில் யாரோ எடுத்த வீடியோக்கள் இருந்தன. அவற்றில் கேட்பது அவளுடைய குரலா, பக்கத்துப் பிள்ளை ஐஸ்கிரீமுக்கு அழுவதா என்று பிரித்தெடுக்க முடியாது. கேட்டவர்களிடமெல்லாம் கதிர்காமநாதன் ஒரே பதில்தான் சொல்லிவந்தார். "குரல் வீட்டிலதானே கிடக்குது, எப்ப வேணுமெண்டாலும் பதியலாம்." இப்போது அந்த 'எப்ப வேணுமெண்டாலும்', இன்றைக்கு மத்தியானத்துக்குள் அடங்க வேண்டியதாகிவிட்டது.

பதியவேண்டிய பாட்டு எது என்பதில் இரண்டு பேருக்கும் பேச்சே இருக்கவில்லை. அவள் எழுதி, அவர் மெட்டுப் போட்ட பாட்டு. அம்மன் பாட்டுத்தான். "கரையில் நிற்கின்றேன், கை தா தாயே" என்று வரும். சரணத்தில் அந்தக் 'கை தா' மேலே ஏறி அங்கேயே நிற்க வேண்டும். அந்த இடத்தில் கனகேஸ்வரி நின்றால் கோயிலில் செருப்புக் காவலுக்கு இருக்கிறவர்கூட எழும்பிப் பார்ப்பார்.

கதிர்காமநாதனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இளவயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் காலம் முழுக்க வேலை பார்த்தவர். சனி ஞாயிறுகளில் மெல்லிசைக் குழுவில் கீபோர்ட் வாசிப்பார். யாரிடமும் முறையாகப் படித்ததில்லை. ஊர்வீட்டில் கிடந்த ஒரு பழைய ஆர்மோனியத்தில் தானே பழகினார். அந்த ஆர்மோனியத்தில் பாதி செத்துப்போயிருந்தது. ஒழுங்காகக் குரல் கொடுத்ததெல்லாம் நாலாம் கட்டையைச் சுற்றி இருந்தவைதான். ஆகவே நாலு கட்டைச் சுருதியில் வாசிக்க மட்டும் அவருடைய விரல்கள் பழகின. வேறு சுருதி என்றால் விரல் தடுமாறும்.

சுருதியை உயர்த்தியோ இறக்கியோ பிடிப்பதற்கு மேடைக்காரர்கள் 'கட்டை' என்றுதான் கணக்குச் சொல்வார்கள். இந்த அண்ணைக்கு ஒன்றரை, அந்த அக்காவுக்கு ஐந்து. அதற்காகவே கீபோர்ட்களில் ஒரு பட்டன் உண்டு. விரல் நாலு கட்டையிலேயே வாசிக்கலாம். பட்டனை ஒருதரம் அமுக்கினால் சத்தம் நாலரையாக வரும், இரண்டுதரம் அமுக்கினால் ஐந்து. மேடையில் பாதிப்பேர் இப்படித்தான் பிழைக்கிறார்கள், வெளியே சொல்வதில்லை.

கனகேஸ்வரியின் சுருதி ஐந்து. ஆகவே மனைவி பாட வந்தால் கதிர்காமநாதனுக்கு ஒரு சடங்கு உண்டு. கீபோர்ட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவார். பிறகு அந்தப் பட்டனில் இரண்டு அமுக்கு. பிறகுதான் முதல் சுரம்.

பழைய கீபோர்ட்டை உப்புக்காற்று தின்றுவிட்டது. கடற்கரை ஒழுங்கையில் இருக்கிறவர்களுக்கு இது புதினமில்லை. அங்கே மின்விசிறிக்கே துருப்பிடிக்கும். புதிதாக வந்திருந்த இது மிடி கீபோர்ட். கொடுத்தவர் ஆமிர். குழுவில் தாளம் போட்டவர், இப்போது கொட்டாஞ்சேனையில் சவுண்ட் செட் வாடகைக்குக் கொடுக்கிறார்.

"நான் வந்து எல்லாம் போட்டுத் தாரேனே அண்ணே" என்று ஆமிர் படித்துப் படித்துச் சொன்னார்.

"வேண்டாம் ஆமிர், நான் பாக்கிறன்" என்றுவிட்டார் கதிர்காமநாதன். ஒருவரிடம் ஒன்றைக் கேட்டால் தன்னுடைய உயரத்தில் ஓரங்குலம் குறைந்துவிடும் என்று எண்ணுகிற பிறவி. அதன் பலனை இப்போது அனுபவித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

"அண்ணே, அதுக்குள்ள சத்தமே இல்ல" என்றார் ஆமிர். "நீங்க எதை அமுக்குறீங்கன்னு கொம்பியூட்டருக்குச் சொல்றது மட்டும்தான் அதுட வேலை. சத்தம் போடுறது சொப்ட்வெயார். நீங்க சொப்ட்வெயாரைத் தொறந்த பொறவுதானே வயரைக் குத்தினீங்க?"

"ஓம்."

"அப்ப அது கீபோர்ட்டைக் கண்டே ஈக்காது. மூடிட்டு மறுபடி தொறங்கோ. மறுகா செட்டிங்ஸ்ல கீபோர்ட் பேருக்கு முன்னால சரி போடுங்கோ."

போட்டார். அமுக்கினார். வீணைபோல ஒரு சத்தம் அறை முழுக்க எழும்பியது. "கனகா! வந்திட்டுது!" என்று கத்தினார்.

சந்தோஷம் அடுத்த நிமிஷமே காற்றுப்போய்விட்டது. விரல் விழுந்து ஒரு கணம் கழித்துத்தான் சத்தம் வந்தது. வேகமாக வாசித்தால் விரல் ஒரு வரியில் நிற்க, சத்தம் முந்தின வரியில் வந்துகொண்டிருந்தது. மறுபடியும் ஆமிர். ஏதோ ஒரு ட்ரைவரை இறக்கச் சொன்னார். இணையம் நத்தையாக ஊர்ந்தது. கதிர்காமநாதன் நகத்தைக் கடித்துக்கொண்டு திரையில் ஓடிய நீலக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளறையில் கனகேஸ்வரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உடுப்பு மடிக்கிற சத்தம் கேட்டது. துவாய், சோப்பு, போத்தல் என்று அவள் தனக்குத்தானே சொல்லிச் சொல்லி எடுத்துவைத்தாள்.

ட்ரைவர் வந்து சேர்ந்தது. விரலும் சத்தமும் ஒன்றாயின.

"இன்னொரு விஷயம் அண்ணே" என்றார் ஆமிர். "அக்காட சுருதியைச் சொப்ட்வெயார்லயே போட்டுருங்கோ. அந்த ட்ராக்குக்குப் பக்கத்துல ட்ரான்ஸ்போஸ்னு ஒரு எடம் ஈக்கு, ரெண்டுன்னு அடிங்கோ. அப்பதான் பொறகு எப்ப வேணும்னாலும் கூட்டிக் குறைக்கலாம். கீபோர்ட்ல ஒண்ணும் தொடாதீங்க."

"விளங்குது, விளங்குது." அவர் இரண்டு என்று அடித்தார்.

சத்தமும் வந்தது, மைக்கும் வேலை செய்தது. இனிப் பாட வேண்டியதுதான். ஆனால் அதற்குக் கொழும்பு இடம் கொடுக்க வேண்டுமே! பக்கத்து வளவில் புதிதாக ஒரு அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே நிலத்தைக் குடைகிற இயந்திரம் சுவரெல்லாம் அதிர வேலை செய்தது. கதிர்காமநாதன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே ஓடினார். வாழ்க்கையில் தன் வீட்டு வாசலில் காரை நிறுத்தியவனிடம்கூடத் தள்ளி நிறுத்தச் சொல்லாத மனிதர், மேற்பார்வைக்காரனைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நின்று சிங்களத்தில் கேட்டார்.

"அய்யே, பொட்டக் நவத்தன்ன புளுவன்த?"

கொஞ்சம் நிறுத்த முடியாதாம், வேலை கிடக்கிறதாம். ஆனால் ஆட்கள் சோறு தின்னப் போகிற நேரம் எல்லாம் நிற்கும் என்றான் அவன். அந்த நேரம்தான் கிடைத்தது, அதற்கு மேல் ஒரு நொடியும் இல்லை.

இயந்திரம் நின்றதும் ஜன்னல்களை அடைத்தார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். அறை வெக்கையில் அவிந்தது. கனகேஸ்வரி வழக்கம்போலத் தன் சுருதிப்பெட்டியைக் கொண்டுவந்தாள்.

"அது வேண்டாம், மைக்கில இரையும். நான் சுருதி பிடிக்கிறன்" என்றார் கதிர்காமநாதன். அவள் அதை மேசைக்கடியில் வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கின் முன் நின்றாள். கழுத்தில் கட்டியை மறைக்க ஒரு மெல்லிய சால்வை.

அவர் கீபோர்ட்டின் முன் உட்கார்ந்தார். தொட்டுக் கண்ணில் ஒற்றினார். பதிகிற சிவப்புப் பொட்டு திரையில் எரிந்தது. தொடங்கினார்கள்.

பல்லவி வந்தது. கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் வந்தது. அனுபல்லவியில் அவளுடைய நெற்றி சுருங்கியது. சரணத்தில், 'கை தா' என்று மேலே எழும்பிய இடத்தில், குரல் பிளந்து நின்றுபோனது.

"பறவாயில்லை. திரும்பப் பாடும்" என்றார் அவர்.

திரும்பவும் அதே இடம், அதே பிளவு. அவள் தண்ணீர் குடித்தாள். சால்வையைத் தளர்த்தினாள். மூன்றாம் தரமும் குரல் ஏறவில்லை. அரைவழியில் வெறும் காற்றாகப் போனது.

"நீர் பயப்பிடுறீர் கனகா. தொண்டையால பாடாதையும், வயித்தால பாடும்."

"வயித்தாலதானப்பா பாடுறன்."

"எங்கை பாடுறீர்? இத்தனை வருசமாப் பாடின பாட்டு இண்டைக்கு மட்டும் ஏன் வரேல்லை? ஆக்கள் சாப்பிட்டு வரப்போறாங்கள்!"

அவர் கத்த நினைக்கவில்லை; பயத்தில் கத்திவிட்டார். கனகேஸ்வரி இன்னொருதரம் தொடங்கினாள். இந்தத்தடவை அந்த இடம் வரமுன்னமே நிறுத்திவிட்டாள். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அது போட்டுது" என்றாள்.

"எது?"

"என்ர குரல். நாளைக்கு வெட்டத்தான் போகும் எண்டு இருந்தனான். அது முந்தியே போட்டுது. எனக்குத்தான் தெரியேல்லை." சால்வையை இறுக்கிக்கொண்டாள். "பதிஞ்சதெல்லாத்தையும் அழிச்சுப்போடுங்கோ. உதை வைச்சுக் கேக்கக்கூடாது நீங்கள்."

குனிந்து மேசைக்கடியில் இருந்த சுருதிப்பெட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கதிர்காமநாதனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவரும் நம்பிவிட்டார். கட்டி நரம்பை நெரித்திருக்க வேண்டும். இவ்வளவு நாளும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு குரல் போனதைக் கவனிக்காமல் விட்டேனே, காது எனக்கு எதற்கு என்று நொந்துகொண்டார். பதிந்ததைப் போட்டுக் கேட்டார். கேட்கச் சகிக்கவில்லை. சொப்ட்வெயாரில் பிசகிய சுரத்தை இழுத்துத் திருத்த ஒரு வழி இருப்பது ஞாபகம் வர, அந்தப் பிளந்த இடத்தைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார். தகரப் பேணிக்குள் யாரோ பேசுவதுபோல ஒரு குரல் வந்தது. சீ என்று அழித்தார். மற்றவற்றையும் அவள் சொன்னபடியே அழித்தார். கண் கலங்கித் திரை மங்கியது.

அப்போதுதான் குசினிக்குள்ளிருந்து சுருதிப்பெட்டியின் ரீங்காரம் கேட்டது. அதற்குமேல் கனகேஸ்வரியின் குரல். மெல்லக் கீழே தொடங்கியது. பயந்து பயந்து ஒவ்வொரு சுரமாக மேலே வந்தது. காயத்தைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் தொடுவார்கள். பிறகு சரணம். 'கை தா' என்று எழும்பி, அங்கே போய், ஆடாமல் அசையாமல் நின்றது.

கதிர்காமநாதன் துள்ளி எழும்பினார். நாற்காலி பின்னால் விழுந்தது. அட, வருகிறதே! குசினியில் வருகிற குரல் மைக்கின் முன்னால் ஏன் வரவில்லை? எழும்பின வேகத்தில் கை கீபோர்ட்டில் பட்டு ஸட்ஜம் ஒலித்தது. ஸ்பீக்கரில் வந்த ஸட்ஜமும் குசினியில் ஒலித்த ஸட்ஜமும் ஒன்றோடொன்று சண்டை பிடித்தன. இரண்டும் ஒன்றில்லை. இவருடையது மேலே நின்றது.

அவர் மறுபடியும் அமுக்கினார். மேலேதான்.

குனிந்து பார்த்தார். கீபோர்ட்டின் இடதுபக்க மூலையில், சுருதி கூட்டுகிற பட்டனுக்கு மேலே, கடுகு போல இரண்டு பச்சைப் பொட்டுகள் எரிந்துகொண்டிருந்தன. பழைய கீபோர்ட்டில் இலக்கம் பெரிதாகத் தெரியும். இதில் இந்தக் கடுகுதான்.

தொட்டுக் கண்ணில் ஒற்றியது ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு விரல் என்ன செய்தது என்பது ஞாபகமே இல்லை. ஞாபகம் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அது கலியாணம் கட்டிய நாளிலிருந்து செய்துவருவதைத்தான் செய்திருக்கும். சொப்ட்வெயாரில் இரண்டு. கீபோர்ட்டில் இரண்டு. ஐந்து கட்டைப் பெண்ணை ஆறு கட்டையில் தூக்கி வைத்துவிட்டு, வயிற்றால் பாடு என்று கத்தியிருக்கிறார்.

தலையில் அடித்துக்கொண்டார். அதே நேரம் சந்தோஷத்தில் சிரிக்கவும் வந்தது. குரல் போகவில்லை! குரல் இருக்கிறது!

பட்டனைக் குறைக்கிற பக்கம் இரண்டுதரம் அமுக்கினார். பொட்டுகள் அணைந்தன. கனகாவிடம் என்ன சொல்வது? கொம்பியூட்டரில் பிழை என்று சொல்லிவிடலாம். கொம்பியூட்டர் மறுத்துப் பேசவா போகிறது? குசினிக் கதவைத் திறக்கும்போது அந்தப் பொய் நாக்கு நுனியில் தயாராகத்தான் நின்றது.

"கனகா, உந்தக் கொம்பியூட்டர்..."

அவள் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. சுருதிப்பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, "இதோட மட்டும் வருகுதப்பா" என்றாள். "உங்களோட பாடினா வரேல்லை. ஏனெண்டு தெரியேல்லை. இஞ்சை வாறதும் நம்பேலாது, அப்படித்தானே? என்னைச் சமாதானப்படுத்தவேண்டாம்."

பொய் தொண்டையில் சிக்கிக்கொண்டது. கொம்பியூட்டர் என்று சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாகத்தான் நினைப்பாள். அந்த நினைப்போடுதான் நாளைக்கு வெட்டுமேசையில் படுப்பாள்.

"நான்தான்" என்றார் கதிர்காமநாதன்.

"என்ன நீங்கள்தான்?"

"ரெண்டு இடத்திலயும் கூட்டிப்போட்டன். அதில ரெண்டு, இதில ரெண்டு. கை பழக்கத்தில அமுக்கிப்போட்டுது. நீர் பாடினது அஞ்சில இல்லைக் கனகா. ஆறில."

கனகேஸ்வரி சுருதிப்பெட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

"ஆறிலயோ?"

"ஓம்."

"ஆறிலயோ பாடினனான்?" குரல் ஏறியது. "கழுத்தில கட்டியோட செத்துப்போற நினைப்பில நிக்கிறன் நான், நீங்கள் என்னை ஆறில ஏத்தி வைச்சுக்கொண்டு வயித்தால பாடு எண்டுறியள்! உங்களுக்கென்ன விசரே? இத்தனை வருசம் வாசிச்ச மனிசனுக்கு என்ர சுருதி எங்கை நிக்குது எண்டு காதில விழேல்லையோ? நான் எவ்வளவு அழுதனான் தெரியுமே!"

கதிர்காமநாதன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருடைய உயரத்தில் அன்று ஓரங்குலம் இல்லை, ஓரடி குறைந்தது. ஏசட்டும் என்று நின்றார். அவள் ஏச ஏச அவருக்கு மூச்சு வந்தது. செத்த குரலால் இப்படி ஏச முடியாது.

ஏசி முடித்து, சால்வைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். திடீரென்று ஏதோ தோன்றியவளாக நிமிர்ந்தாள்.

"அப்ப பல்லவி முழுக்க ஆறில பாடியிருக்கிறன், என்ன?"

"ஓம். அனுபல்லவியும்."

"இந்தக் கழுத்தோட." அவளுடைய கண்ணில் ஒரு பெருமை வந்துபோனது. "சரி, நிண்டு பாக்காமல் வாங்கோவன். ஆக்கள் வரப்போறாங்கள்."

இந்தத்தடவை கீபோர்ட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியதும் அவர் வாசிக்கத் தொடங்கும்வரை இடதுகையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். கனகேஸ்வரி குனிந்து அந்தப் பொட்டுகள் அணைந்திருக்கின்றனவா என்று தானே பார்த்தாள். சுருதிப்பெட்டியை ஒருதரம் போட்டு, அவருடைய ஸட்ஜத்தோடு ஒத்துப்பார்த்து, பிறகே நிறுத்தினாள். புருஷனை நம்பாத பார்வை அது. அவருக்கு அது பரவாயில்லை.

வெளியே ஆட்கள் திரும்பி வந்து பேசுகிற சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. ஒரே ஒரு தரம்தான் பாடலாம்.

பாடினாள். அதை எப்படி என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. பல்லவி தண்ணீராகப் போனது. சரணம் வரும்போது கதிர்காமநாதன் மூச்சு விடவில்லை. 'கை தா' எழும்பியது, மேலே போனது, நின்றது. இன்னும் நின்றது. இத்தனை வருஷத்தில் அவள் அந்த இடத்தில் இவ்வளவு நேரம் நின்றதில்லை. விட மனமில்லாமல் நிற்கிறாள் என்று அவருக்கு விளங்கியது. கீபோர்ட்டில் கண்ணீர் விழுந்தது. துடைக்கக் கை இல்லை, வாசித்துக்கொண்டிருந்தார்.

கடைசிச் சுரம் அடங்குவதற்கும் கடற்கரைப் பக்கம் ரயில் வருவதற்கும் சரியாக இருந்தது. தடதடவென்று அதுவும் பதிவில் ஏறிக்கொண்டது. அது போன கையோடு சுவர் அதிர இயந்திரம் தொடங்கியது.

"பதிஞ்சுதோ?" என்று கனகேஸ்வரி கேட்டாள்.

அவர் திரையைத் தட்டிப் போட்டார். அவளுடைய குரல் வந்தது. பின்னேரம் வாகனம் கீழே வந்து ஹோர்ன் அடித்தது.

வெட்டியெடுத்த கட்டி கெட்ட கட்டியில்லை என்று பிறகு வந்த முடிவு சொன்னது. அந்தச் செய்திக்கு ஒழுங்கைக் கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். குரல் மட்டும் சொன்னபடிதான் ஆயிற்று. முதலில் வெறும் காற்றாக வந்தது, பிறகு கரகரப்பாக. பேச்சு தெளிந்தது. மேலே போகிற சத்தம் திரும்பவில்லை. மாதங்கள் போயின. கனகேஸ்வரி வீட்டில் ஒரு வரிகூட முணுமுணுக்கவில்லை. சுருதிப்பெட்டி அலுமாரிக்குள் போனது. கதிர்காமநாதன் கீபோர்ட்டின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். ஆமிர் தொலைபேசியில் கேட்டால் வேறு கதை கதைத்துச் சமாளித்தார்.

ஆனால் அவள் கடைக்குப் போகிற நேரங்களில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்பார். ஒருநாள் அவள் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவர் திடுக்கிட்டு லப்டொப்பை மூடினார். களவாக இனிப்புத் தின்று பிடிபட்ட ஆள்மாதிரி முகம் வெளிறிவிட்டது.

"எனக்கும் போடுங்கோ" என்றாள் கனகேஸ்வரி.

"வேண்டாம் கனகா."

"போடுங்கோ எண்டுறன்."

போட்டார். அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, ரயில் போய் முடியும்வரை கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவருக்குத்தான் அந்த மேல் சுரம் வந்தபோது தரையைப் பார்க்க வேண்டியிருந்தது.

"நல்லாத்தான் பாடியிருக்கிறா" என்றாள், வேறு யாரையோ சொல்வதுபோல. பிறகு, "சரி, இனி அவவை நிப்பாட்டுங்கோ. நீங்கள் வாசிச்சது மட்டும் வரட்டும்."

அவர் குரல் இருந்த வரியை அடைத்தார். அன்றைக்கு அவருடைய விரல்கள் வாசித்தது மட்டும் வந்தது, பாடுகிற ஆள் இல்லாமல்.

"இதை இறக்கலாம் எண்டு ஆமிர் சொன்னவர்தானே?"

அவருக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. சொப்ட்வெயாரில் இரண்டு என்று இருந்ததை ஒன்றாக்கினார். நாலரை. அவள் வாயைத் திறந்தாள், கரகரத்தது, தலையை ஆட்டினாள். பூச்சியமாக்கினார். நாலு. ஸட்ஜம் வந்தது, மேலே போக எட்டவில்லை. இருமினாள்.

"காணும் கனகா, இன்னொரு நாளைக்கு..."

"இன்னும் இறக்குங்கோ."

அவர் பூச்சியத்துக்கும் கீழே ஒன்று இறக்கினார். மூன்று; நாலுக்கும் மூன்றுக்கும் நடுவே அரைக் கட்டை கிடையாது. இசை கனத்து, வேறு யாருடைய பாட்டோ என்பதுபோல இறங்கி வந்தது. கனகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு பல்லவியை எடுத்தாள். தடித்த குரல், ஓரத்தில் கொஞ்சம் உரசல். அவர் இதுவரை கேட்டிராத குரல். சரணம் வந்தது. 'கை தா' என்று எழும்பினாள். நடுங்கியது, ஆனால் போய்ச் சேர்ந்தது. முன்னைப்போல நிற்கவில்லை, தொட்டுவிட்டு இறங்கினாள். தொட்டாள் என்பது நிச்சயம்.

கதிர்காமநாதன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீபோர்ட்டின் மேலிருந்த துணியை இழுத்து எடுத்தார். வயரைச் செருகினார். தொட்டுக் கண்ணில் ஒற்றினார். கை பட்டனை நோக்கிப் போனது.

கனகேஸ்வரி அந்தக் கையைப் பிடித்தாள்.

"இனி என்ர சுருதி மூண்டு" என்றாள். "உங்கட கைக்கும் சொல்லி வையுங்கோ."